சில்க் போர்டில் கொதிக்காத ஃபியட்

பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் எவ்வளவு நேரம் நின்றாலும் மதியழகனின் ஃபியட் கொதிப்பதில்லை. நெரிசல் கலைந்து, சாலை திறந்து, வண்டி நாலாவது கியரில் சுகமாக ஓட ஆரம்பித்த பிறகுதான் கொதிக்கும்.

எந்தக் காரும் செய்யாத வேலை இது. பழைய வண்டி என்றால் நெரிசலில் மூச்சு வாங்கும், காற்றோட்டமான சாலையில் விட்டால் தணிந்துவிடும். அடுகோடியில் பட்டறை வைத்திருக்கும் நயாஸ், சனிக்கிழமை காலையிலிருந்து அந்த வண்டியோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அரே மதி பாய், இது அசல் பெங்களூர் வண்டி. டிராஃபிக் இல்லேன்னா அதுக்கு உடம்புக்கு ஒத்துக்கல."

மதியழகனுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலையில் அக்கா மகள் அனுஷாவுக்குக் கல்யாணம். மண்டபம் ஓசூர் ரோட்டில், சந்தாபுராவில். பெண்ணைத் தாய்மாமன்தான் மண்டபத்துக்கு அழைத்துவர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அனுஷா பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே, "உன்னை இந்த வண்டியிலதான் கூட்டிட்டுப் போவேன்" என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தான். அவளும் மறக்கவில்லை. பூ அலங்காரம் செய்த பெரிய கார் ஒன்றை மாப்பிள்ளை வீட்டார் அனுப்புவதாகச் சொன்னபோது, "எங்க மாமா ஃபியட் இருக்கு" என்று ஒரே வார்த்தையில் வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

அனுஷாவின் அப்பா பாலசுப்ரமணியனுக்கு மட்டும் அந்த வண்டியின் மேல் நம்பிக்கை இல்லை. "மச்சான், எதுக்கும் இன்னோவா ஒண்ணு பின்னாலேயே வரட்டும்" என்று சொல்லி ஏற்பாடும் செய்துவிட்டார். வழியில் ஃபியட் கொதித்தால் பெண் இன்னோவாவில் ஏறிப் போய்விடுவாள். தாய்மாமன் தண்ணீர்க் கேனோடு நடுரோட்டில் நிற்பான். அந்தக் காட்சியை நினைத்து நினைத்தே மதியழகனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"இன்னொரு தடவை முதல்லேர்ந்து பார்ப்போம் பாய்," என்றான்.

நயாஸ் சலிக்காமல் எழுந்தார். வண்டியைக் குளிர வைக்கும் ஏற்பாடு ஒன்றும் பெரிய மந்திரமில்லை. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு, மேல் ஹோஸ் வழியாக முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் பிரிந்து இறங்கும்போது, இடையில் நுழையும் காற்று சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. ஆறிய தண்ணீரைப் பம்பு மறுபடியும் எஞ்சினுக்குள் தள்ளுகிறது. ஆகக் கேள்வி இரண்டுதான்: தண்ணீர் ஓடுகிறதா, காற்று ஓடுகிறதா?

தண்ணீர் நன்றாகவே ஓடியது. பம்பு புதிது, மூன்று வாரத்துக்கு முன்னால்தான் மாற்றியது. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியாகிவிட்டது. சூடேறினால் தண்ணீருக்கு வழிவிடும் வால்வை டீ போடும் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்துப் பார்த்தார்கள், ஒழுங்காகத் திறந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட்டினார்கள். குமிழி எதுவும் வரவில்லை. எஞ்சின் இடுக்கை அடைத்திருக்கும் கேஸ்கட் போயிருந்தால் குமிழி வந்திருக்கும்.

மிச்சம் இருந்தது ஃபேன். பம்பு மாற்றிய அன்றுதான் அதையும் மாற்றினார்கள். பம்போடு சேர்ந்து சுற்றும் பழைய இரும்பு ஃபேனில் ஒரு இறக்கை விரிசல் விட்டிருந்தது. அதற்குப் பதிலாக மதியழகன் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கரண்ட் ஃபேன் வாங்கி வந்து ரேடியேட்டருக்குப் பின்னால் பொருத்தினான். ஒயரிங் வேலையை நயாஸிடம்கூட விடவில்லை. அவன் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன். கூரை உயர எக்ஸாஸ்ட் ஃபேன்களை மாட்டுகிறவனுக்கு இந்தச் சின்ன ஃபேன் ஒரு வேலையா? டாஷ்போர்டில் ஒரு சுவிட்சும் வைத்தான். சாவியைத் திருப்பியதும் அந்தச் சுவிட்சைத் தட்டுவது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது.

"ஃபேனைப் போடு," என்றார் நயாஸ்.

மதியழகன் போட்டான். நயாஸ் வண்டியின் முன்னால் குனிந்து கிரில்லுக்கு நேராக முகத்தைக் காட்டினார். நெற்றியில் விழுந்திருந்த முடி பறந்தது.

"ஃபர்ஸ்ட் கிளாஸ். பிச்சிக்கிட்டு வருது காத்து. அதுவுமில்லாம யோசி பாய். ஃபேன் எப்போ வேணும்? வண்டி நிக்கும்போதுதான் வேணும். ஓடும்போது எதிர்க்காத்தே போதும். ஃபேன்ல தப்பு இருந்தா சில்க் போர்டுலதானே கொதிக்கணும்? அங்கே உன் வண்டி ஐஸ் மாதிரி நிக்குதே."

அந்த வாதத்தில் மதியழகனால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. ஃபேன் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பாகிவிட்டது.

"ஒரு காரியம் செய்," என்றார் நயாஸ். "நாளைக்கு மேம்பாலத்துல ஏறாதே. கீழ் ரோட்டுலயே போ. சிக்னல் சிக்னலா நின்னு நின்னு போனா கொதிக்காது. அல்லா பாத்துப்பான்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஜோகுபாளையத்தில் அக்கா வீட்டு வாசலில் ஃபியட் மாலையோடு நின்றது. மதியழகன் எஞ்சினை ஓடவிட்டு, முன்ஜாக்கிரதையாக ஃபேனையும் போட்டு வைத்திருந்தான். அரக்குப் பட்டுப் புடவையில் அனுஷா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் மதியழகனின் மனைவி சம்பூர்ணம், மடியில் சீர்த்தட்டோடு.

அக்கா ஜெயலக்ஷ்மி சூடத்தட்டோடு வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். சூடத்தை ஏற்றி, ஒரு சுற்றுச் சுற்றினாள். கிரில்லுக்கு நேராகத் தட்டு வந்ததும் சுடர் அவள் பக்கமாகச் சாய்ந்து படுத்து, அணைந்தது.

"காத்தா இருக்கு போல," என்று சொல்லிக்கொண்டு மறுபடி ஏற்றினாள். மறுபடியும் அதே இடத்தில் சுடர் அவள் புடவையை நோக்கிச் சாய்ந்து அணைந்தது.

வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பந்தலில் தொங்கிய மாவிலைகளில் ஒன்றுகூட அசையவில்லை.

"சகுனமே சரியில்லையே," என்றார் பாலசுப்ரமணியன். "பேசாம அனுஷாவை இன்னோவாவுல ஏத்திடலாமா, மச்சான்? நீ முன்னால உக்காந்துக்க. தாய்மாமன் கூட வந்த மாதிரியும் ஆச்சு."

"அப்பா, நான் ஏறி உக்காந்தாச்சு," என்றாள் அனுஷா உள்ளேயிருந்து. "இந்தப் புடவையைக் கட்டிக்கிட்டு மறுபடி இறங்கி ஏற என்னால ஆகாது."

ஜெயலக்ஷ்மி தட்டைப் பக்கவாட்டில் கொண்டுபோய்ச் சூடத்தை ஏற்றினாள். அங்கே சுடர் நிமிர்ந்து நின்றது. அவசரமாக மூன்று சுற்றுச் சுற்றி, எல்லோர் நெற்றியிலும் குங்குமம் வைத்து அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமையாதலால் சாலை காலியாகக் கிடந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் மதியழகன் சந்தோஷப்பட்டிருப்பான். அடுகோடி வருவதற்குள் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டிவிட்டது. அங்கே ஒரு சிவப்பு விளக்கு. நின்றான். முள் மெல்லப் பின்வாங்கியது.

"ஏங்க, சிக்னல் விழுந்தா எல்லாரும் திட்டுவாங்க. நீங்க சாமி கும்புடுறீங்க," என்றாள் சம்பூர்ணம்.

அனுஷா சிரித்தாள். அவனும் சிரிப்பது போல் காட்டிக்கொண்டான். பின்னால் இன்னோவா பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது.

சில்க் போர்டைக் கடந்து, கீழ் ரோட்டுக்குப் பிரியும் இடத்துக்கு வந்தபோது அங்கே தகரத் தடுப்புகள் நின்றன. உள்ளே ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். டிராஃபிக் போலீஸ்காரர் எல்லா வண்டிகளையும் மேம்பாலத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். மதியழகன் கண்ணாடியை இறக்கி, கன்னடத்தில் கெஞ்சிப் பார்த்தான்.

"மேலே ஹோகி, மேலே ஹோகி," என்று போலீஸ்காரர் கையை வீசினார். பிறகு குனிந்து பெண்ணைப் பார்த்து, "மதுவே காடியா? பேக ஹோகி, முகூர்த்த மிஸ் ஆகுத்தே!" என்று, கல்யாண வண்டி சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமே என்ற அக்கறையோடு விரட்டினார்.

வேறு வழியில்லை. ஃபியட் மேம்பாலத்தில் ஏறியது.

அந்த மேம்பாலம் எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் நீளும். இரண்டு பக்கமும் சுவர், நடுவில் தடுப்பு, பின்னால் விரட்டும் பஸ்கள். மதியழகன் மூன்றாவது கியரில் ஊர்ந்தான். பின்னால் வந்த பஸ் விளக்கை அடித்து அடித்து அணைத்தது. வேகம் கூட்டித்தான் ஆக வேண்டும். நாலாவது கியர் போட்டான். முள் ஏறத் தொடங்கியது.

முதலில் பாதி. பிறகு முக்கால். ஃபேன் மட்டும் முன்னால் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது. வெளியே இவ்வளவு காற்று இருக்கிறது, உள்ளே ஃபேனும் சுற்றுகிறது. அப்படியும் ஏன் ஆறவில்லை?

"மாமா," என்றாள் அனுஷா, "ஏதோ இனிப்பா வாசனை வருதே?"

அது ரேடியேட்டர் தண்ணீரில் கலந்திருந்த கூலன்ட்டின் வாசனை. அவன் சொல்லவில்லை. முள் சிவப்புக் கோட்டை எட்டிவிட்டது. பானெட்டின் விளிம்பிலிருந்து நூலாக ஆவி கிளம்பிக் கண்ணாடியில் பட்டது.

சம்பூர்ணத்தின் போன் அடித்தது. பாலசுப்ரமணியன்தான். ஸ்பீக்கரில் அவர் குரல் வண்டியை நிறைத்தது. "மச்சான், புகை வருதுய்யா! நான் சொன்னேனே! சூடம் அணைஞ்சப்பவே சொன்னேனா இல்லையா? ஓரமா நிறுத்து, பொண்ணை மாத்திக்கலாம்."

"இங்க ஓரமே இல்ல மாமா!"

"சூடம் ரெண்டு தடவை அணையுது, ஒருத்தரும் என் பேச்சைக் கேக்கல..."

சம்பூர்ணம் போனை அணைத்தாள். "காத்தே இல்லாத இடத்துல சூடம் அணைஞ்சா யார் என்ன செய்ய முடியும்? விடுங்க, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

காற்றே இல்லாத இடத்தில்.

மதியழகனுக்கு மாவிலைகள் ஞாபகம் வந்தன. ஒன்றும் அசையவில்லை. ஆனால் சுடர் சாய்ந்தது. எந்தப் பக்கம்? அக்காவின் பக்கம். வண்டியிலிருந்து விலகி, அவள் புடவையை நோக்கி. தட்டைப் பக்கவாட்டில் கொண்டுபோனதும் நிமிர்ந்துவிட்டது. அப்படியானால் காற்று வந்தது வண்டிக்குள்ளிருந்து. நேற்று நயாஸின் முடியைப் பறக்கவிட்டதும் அதே காற்று. ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றாரே! கிரில்லுக்கு முன்னால் நிற்பவன் மேல் காற்று வீசக்கூடாது. ஃபேன் முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டும். இது உள்ளேயிருந்து வெளியே ஊதுகிறது.

வண்டி நிற்கும்போது எந்தப் பக்கம் ஊதினால் என்ன? எப்படியோ ரேடியேட்டர் வழியாகக் கொஞ்சம் காற்று ஓடுகிறது. சும்மா நிற்கும் எஞ்சினுக்கு அது போதும். வண்டி ஓடினால் கதை வேறு. சாலைக்காற்று உள்ளே வரப் பார்க்கிறது, ஃபேன் அதை வெளியே தள்ளுகிறது. ஒரே கதவை உள்ளேயிருந்து ஒருவனும் வெளியேயிருந்து ஒருவனும் தள்ளினால் கதவு அசையாமல் நிற்குமே, அப்படிக் காற்று ரேடியேட்டரில் அசையாமல் நிற்கிறது.

அவன் கை சுவிட்சை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. கொதிக்கிற வண்டியில் ஃபேனை அணைப்பதா? கணக்குத் தப்பினால் எஞ்சின் இந்தப் பாலத்திலேயே இறுகி நின்றுவிடும். கல்யாணப் பெண் பட்டுப் புடவையோடு பஸ்களுக்கு நடுவில் நிற்பாள்.

சுவிட்சைத் தட்டினான். இரைச்சல் நின்றது.

"ஐயோ, ஃபேனை ஏங்க அணைச்சீங்க?" என்று சம்பூர்ணம் முன்னால் சாய்ந்தாள்.

"பேசாம முள்ளைப் பாரு."

மூவரும் பார்த்தார்கள். முள் சிவப்பிலேயே நின்றது. ஆவி இன்னும் வந்துகொண்டிருந்தது. ஒரு பஸ் உரசுவது போல் தாண்டிப் போனது. அனுஷா கையில் பிடித்திருந்த பூச்செண்டின் காம்பு முறியும் சத்தம் கேட்டது. முள் நடுங்கியது. பிறகு சிவப்பிலிருந்து ஒரு மயிரிழை கீழே வந்தது. இன்னும் ஒரு இழை.

"எறங்குது மாமா," என்றாள் அனுஷா, பரீட்சை முடிவைப் பார்க்கிறவள் போல மூச்சடக்கி. "எறங்குது! முக்காலுக்கு வந்துடுச்சு!"

மதியழகன் ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினான். காற்று வேண்டும், அவ்வளவுதான். ஃபியட் மேம்பாலத்தின் கடைசி இறக்கத்தில் பறந்தது. சுங்கச்சாவடி வரிசையில் நிற்க வேண்டி வந்தபோது ஃபேனைப் போட்டான், நகர்ந்ததும் அணைத்தான். சம்பூர்ணத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"எல்லாரும் ஓடும்போது ஃபேன் போடுவாங்க. நீங்க என்னங்க தலைகீழா பண்றீங்க?"

"ஃபேனே தலைகீழா சுத்துது, அதான்."

பொம்மசந்திரா தாண்டியதும் ஒரு புங்க மரத்தடியில் ஓரங்கட்டினான். பின்னாலேயே இன்னோவா வந்து நின்றது. பாலசுப்ரமணியன் அதன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே இறங்கினார்.

"அனுஷா, வாம்மா இங்க. முகூர்த்தத்துக்கு நேரமாகுது."

"மாமா, தயவுசெஞ்சு கொஞ்சம் பொறுங்க," என்றான் மதியழகன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் தூக்கினான். "இது சரியாகலேன்னா நானே அவளை உங்க வண்டியில ஏத்தி விடுறேன்."

"உன் பேச்சைக் கேட்டுத்தான் இந்த நிலைமை."

மதியழகன் ஃபேனுக்குப் போகும் ஒயர்களைப் பிடித்துப் பார்த்தான். இரண்டும் ஒரே கறுப்பு. அன்று மாட்டியபோது இந்த முனையா அந்த முனையா என்று அவன் யோசிக்கவே இல்லை. வீட்டு மேஜை ஃபேனுக்கு இரண்டு ஒயரை எப்படி மாற்றிப் போட்டாலும் அது ஒரே பக்கம்தான் சுற்றும். பிளக்கைத் திருப்பிச் செருகினாலும் அப்படியே. அந்தப் பழக்கத்திலேயே இதையும் மாட்டிவிட்டான். தொழிற்சாலையில் மூன்று ஒயர் வரும் பெரிய மோட்டார் என்றால், இணைத்ததும் ஒருமுறை தட்டிவிட்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்காமல் நகர மாட்டான். இரண்டே ஒயர் என்றதும் அதைப் பார்க்கத் தோன்றவில்லை. ஆனால் பேட்டரிக் கரண்டுக்கு ஒரு பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல். ஒயரை மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்.

"நான்தான் தப்பா மாட்டியிருக்கேன்," என்றான், யாரையும் பார்க்காமல்.

பாலசுப்ரமணியன் வாயைத் திறந்தார். "அப்பா, ஒரு நிமிஷம் சும்மா இருங்க," என்றாள் அனுஷா. அவள் இறங்கி, புடவைக் கொசுவத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றிருந்தாள். "நான் என்ன செய்யணும் மாமா?"

"உன் கைப்பையில மெல்லிசா காகிதம் ஏதாவது இருக்கா?"

முகம் துடைக்கும் டிஷ்யூ இருந்தது. மதியழகன் ஃபேனைப் போட்டான். அனுஷா டிஷ்யூவைக் கிரில்லுக்கு முன்னால் பிடித்தாள். அது அவள் வளையல்களை நோக்கிப் படபடவென்று அடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா மாமா? அக்கா ஏத்தின சூடத்தை அணைச்சது இந்தக் காத்துதான்," என்றான் மதியழகன் பாலசுப்ரமணியனிடம்.

பாலசுப்ரமணியன் காகிதத்தையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னோவாவின் கதவைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

ஃபேனை அணைத்துவிட்டு, ஒயர்கள் சேரும் இடத்தைப் பிரித்தான். பேட்டரியிலிருந்து வருவதை இந்த முனைக்கும், வண்டியின் உடம்போடு சேர்வதை அந்த முனைக்கும் மாற்றினான். சுடுகிற ஹோஸில் விரல் பட்டுத் தோல் சிவந்தது. சம்பூர்ணம் சீர்த்தட்டிலிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள். மிச்சமிருந்த ஆவி அடங்கியதும் அந்தத் துண்டால் மூடியை மெல்லத் திருகி, கேனிலிருந்த தண்ணீரை நிரப்பினான்.

"போடட்டுமா?" என்றான்.

அனுஷா காகிதத்தைப் பிடித்தாள். மதியழகன் சுவிட்சைத் தட்டினான். காகிதம் அவள் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்க் கிரில்லில் ஒட்டிக்கொண்டது. அவள் கையை எடுத்த பிறகும் விழவில்லை.

பாலசுப்ரமணியன் குனிந்து, அந்தக் காகிதத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு போய் இன்னோவாவின் கதவைச் சாத்தினார்.

"ஏறும்மா," என்றார் மகளிடம். "தாய்மாமன் வண்டியிலேயே போ. மச்சான், நீ முன்னால போ. நான் பின்னாலேயே வரேன். ஹாரன் அடிக்க மாட்டேன்."

வண்டியில் இடம் மாறியது ஃபேனின் இரண்டு ஒயர்கள் மட்டும்தான். இப்போது ஃபேன் சாலைக்காற்றோடு சேர்ந்து உள்பக்கம் இழுத்தது. நாலாவது கியரில், ஃபேன் ஓட, அனுஷா மண்டபத்து வாசலில் இறங்கும்வரை முள் பாதியிலேயே நின்றது.